கேட்போர் பிரகடனம்

ஒரு மென்பொருளில் குறை இருக்கிறது என்று சொல்ல, அதற்கு நிரல் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த இயக்கம் தொடங்குவதே இதை உரக்கச் சொல்லத்தான்.

கட்டற்ற மென்பொருள் சமூகங்களுக்குள் கால் வைத்த எவருக்கும் அந்தக் கேள்வி தெரியும். ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வழுவைச் சொல்வார். "இதுவரைக்கும் நீங்க என்ன பங்களிச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் என்றால், "சோர்ஸ் கோடு திறந்துதானே இருக்கு, பேட்ச் அனுப்புங்க பார்க்கலாம்" என்பார்கள். அப்படித் திருத்திய நிரலை அவர் அனுப்பமாட்டார். அவர் ஒரு கணக்காளராக இருக்கலாம், பள்ளி ஆசிரியையாக இருக்கலாம், வேறொரு மொழியில் நிரல் எழுதுபவராகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் வாய் திறப்பதில்லை. வழு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தப் பிரகடனத்தை வெளியிடும் எங்களில் நிரல் எழுதுகிறவர்கள் உண்டு, எழுதி நிறுத்தியவர்கள் உண்டு, ஒரு வரியும் எழுதாதவர்கள் உண்டு. பொதுவில் கிடக்கும் சிறு நிரல்தொகுப்புகளைத் தூக்கம் கெட்டுப் பராமரிப்பவர்களும் உண்டு. ஒரு விஷயத்தில் எங்கள் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: பங்களித்தவர் பேசட்டும், மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்ற வழக்கம் மென்பொருளைக் கெடுக்கிறது, மனிதரையும் கெடுக்கிறது.

அது எப்படிக் கெடுக்கும் என்பதை 2024ஆம் ஆண்டு உலகமே பார்த்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வர்களில் பெரும்பாலானவற்றில், சொந்தக்காரருக்கே தெரியாமல், அது உட்கார்ந்திருக்கும். அதைப் பல ஆண்டுகளாக ஒருவரே, தம் ஓய்வு நேரத்தில், பராமரித்து வந்தார். 2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். திருத்தங்கள் அனுப்பினார், பொறுமையாக வேலை செய்தார். நூற்றுக்கணக்கான கமிட்கள், அதாவது நிரல் மாற்றப் பதிவுகள், அவர் பெயரில் ஏறின. நாளடைவில் இணைப் பராமரிப்பாளராகி, புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. பங்களிப்பை அளவுகோலாக வைத்தால் அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர்தான் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாகப் பிறர் சர்வருக்குள் நுழைவதற்கு ஒரு கள்ளவாசலை ஒளித்து வைத்தார்.

அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். எக்ஸ்இசட் திட்டத்தைப் பொறுத்தவரை அவர் யாரோ ஒருவர். வேறு ஏதோ வேகச் சோதனைக்காக டெபியன் லினக்ஸ் கணினியைத் தயார் செய்தபோது, எஸ்.எஸ்.எச். உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை, துருவிக்கொண்டே போனார். மார்ச் 29 அன்று தாம் கண்டதைப் பொதுவில் எழுதினார். கள்ளவாசல் இருந்த பதிப்புகள் பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் திரும்பப் பெறப்பட்டன.

ஃபிராய்ண்ட் தேர்ந்த நிரலாளர், அவரைப் போய்ப் பங்களிக்காதவர் என்பது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். நிரல் அறிவு அவருக்கு உதவியது உண்மை. ஆனால் எக்ஸ்இசட் திட்டத்தின் வாசலில் நின்று "இங்கே நீ என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டிருந்தால், காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது. ஜியா டானிடம் நிறைய இருந்தது. வெளியே நின்றவர் பார்த்தார், சொன்னார், மற்றவர்கள் காது கொடுத்தார்கள். உலகம் தப்பியது அதனால்தான்.

கண்கள் போதிய அளவு இருந்தால் எந்த வழுவும் தப்பாது என்பது 1997இல் எரிக் ரேமண்ட் சொல்லிப் பரவிய நம்பிக்கை. கண்கள் இருந்தால் மட்டும் போதாது என்பதை ஹார்ட்பிளீட் காட்டியது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2012 மார்ச்சில் வெளியான அந்த ஓட்டை, யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்துகிடந்த வரிகளில், 2014 ஏப்ரல் வரை வெளிச்சத்துக்கு வரவில்லை. திறந்து வைத்திருப்பதாலேயே எல்லாரும் பார்த்துவிடுவதில்லை; பார்த்தவர் எல்லாரும் சொல்லிவிடுவதும் இல்லை. பார்த்ததைச் சொல்லத் துணிய வேண்டும். சொன்னவரை முகத்தில் அடித்து அனுப்பும் இடத்தில் அந்தத் துணிவு எப்படி வளரும்?

டொனால்ட் நூத் செய்ததை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்களுக்கு வழிகாட்டி என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வோம். கணித நூல்களை அழகாக அச்சுக்கோக்க அவர் 1977இல் தொடங்கிய டெக் நிரல், இன்றும் உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடித்தளம். அதன் மூல நிரலில் கைவைப்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர் எடுத்து மாற்றலாம், ஆனால் மாற்றியதை டெக் என்ற பெயரில் வெளியிடக் கூடாது. அப்படியானால் டெக் நிரலுக்கு உலகம் செய்த உதவி என்ன? குறை சொன்னதுதான். தவறு கண்டு எழுதியவருக்கு நூத் காசோலை அனுப்பினார். 2.56 டாலரில் தொடங்கிய அந்தத் தொகை ஆண்டுதோறும் இரட்டிப்பாகி 327.68 டாலரில் நின்றது. அவருடைய நூல்களில் ஓர் எழுத்துப்பிழையைக் காட்டினாலும் 2.56 டாலர். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. டெக் நிரலில் தாம் செய்த தவறுகளை எல்லாம் தொடக்கத்திலிருந்தே பட்டியலிட்டு, எந்தத் தவறு எந்த வகை என்று பிரித்து, 1989இல் ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். தம் துறையில் உலகமே வணங்கும் ஒருவர் இதைச் செய்தார். முதுமையிலும், 2014இலும் 2021இலும், சேர்ந்திருந்த புகார்களை உட்கார்ந்து படித்துத் திருத்தம் வெளியிட்டார். நிரல் எழுதியவர் ஒருவர், குறை சொன்னவர்கள் ஏராளம். உலகில் மிகவும் நம்பத்தக்கவை என்று பெயரெடுத்த நிரல்களில் ஒன்று இப்படித்தான் உருவானது. பேட்ச் அனுப்பாதவனுக்குப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததும் ஒரு பயனரின் மனக்குறையில்தான். எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு வந்த புதிய ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டே இருந்தது. சிக்கினால் தகவல் சொல்லும்படி மாற்றி எழுத, அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் மூல நிரலைக் கேட்டார். கிடைக்கவில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983 செப்டம்பரில் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் அறிவிப்புக்கு வழி செய்தது. பின்னர் அந்த இயக்கம் நான்கு சுதந்திரங்களை வகுத்தபோது, பூச்சியம் என்று எண்ணிட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தது எதை? எந்த நோக்கத்துக்காகவும் நிரலை இயக்கும் சுதந்திரத்தை. படிப்பதும் மாற்றுவதும் பகிர்வதும் அதற்குப் பிறகே வருகின்றன. முதல் சுதந்திரத்தை அனுபவிக்க ஒரு வரி எழுதத் தெரிய வேண்டியதில்லை. பயன்படுத்துகிறவரை வெளியாள் என்று நினைப்பவர் தாம் நிற்கும் இயக்கத்தின் முதல் வாக்கியத்தையே மறந்தவர்.

தமிழர்களான எங்களுக்கு இதில் இன்னொரு நியாயமும் உண்டு. பைத்தான் நிரல்மொழியில் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 5 என்று விடை வரும். த, மி, ழ் என மூன்றெழுத்து என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். ஒருங்குறியில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண் இருப்பதால் கணினி ஐந்தாக எண்ணுகிறது. அதே சொல்லை எழுத்து வரிசை மாற்றி அச்சிடச் சொன்னால், மகரத்தின் மேலிருந்த இகரக் குறி ழகரத்தில் ஏறிக்கொள்ளும், புள்ளி ஒட்ட இடமில்லாமல் முன்னால் வந்து நிற்கும். பைட் கணக்கில் பார்த்தால் அந்த மூன்றெழுத்துச் சொல் 15 பைட். ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்துப் பெயருக்கு இத்தனை பைட் என்று வரம்பு கட்டிய படிவத்தில் ஒரு தமிழ்ப் பெயர் பாதியில் அறுபடும்.

இந்தப் பிழைகளை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் மிகத் திறமையானவர்கள். அவர்கள் பார்வையில் இது பிழையாகத் தெரியவே வழியில்லை. அவர்கள் எழுதிய சோதனைகள் எல்லாம் தேறிவிடும். இதைக் காணக்கூடியவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். நிரல் படிக்கத் தெரியாவிட்டாலும் அவர் சொல்வதே தீர்ப்பு. மொழிபெயர்ப்பிலும் இப்படித்தான். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு செயலியின் மெனு முழுவதையும் தமிழாக்கி வைத்திருப்போம். அதைத் திறந்து பார்த்த ஓர் அம்மா, "தம்பி, இது என்னன்னே புரியலையே" என்பார். அந்த ஒரு வரிக்கு ஈடான பங்களிப்பு எது? தமிழ்க் கணிமையில் நல்ல வேலை செய்தவர்கள் அந்த வரியைக் கேட்டு முகம் சுளிக்காமல் திரும்பிப் போய்த் திருத்தியவர்கள்.

குறை சொல்பவர் எப்போதும் சரியாகத்தான் சொல்வார் என்று நாங்கள் வாதிடவில்லை. 1992 ஜனவரி 29 அன்று ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று பொதுவில் எழுதினார். அப்போது லினக்ஸுக்கு வயது ஓராண்டுகூட இல்லை. அவர் அதற்கு நிரல் எதுவும் எழுதித் தரவில்லை. லினக்ஸைத் தொடங்கிய மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் கோபமாகப் பதில் எழுதினார், பின்னர் தொனிக்கு மன்னிப்பும் கேட்டார். டானன்பாம் சொன்னவற்றுள் ஒன்று, எல்லாம் ஒரே கருவுக்குள் (கெர்னல்) இருக்கும் அமைப்பு நிலைக்காது என்பது. அது பொய்த்தது, லினக்ஸ் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று, இன்டெல் 386 சில்லோடு இப்படி ஒட்டிக்கிடக்கக் கூடாது என்பது. சில ஆண்டுகளுக்குள், 1995இல் வெளியான பதிப்பில், லினக்ஸ் ஆல்ஃபா, ஸ்பார்க் போன்ற வேறு சில்லுகளிலும் ஓடியது. டானன்பாம் சொன்னதால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் பொய்த்த குறையும் வீணாகவில்லை. ஏன் இப்படிக் கட்டினேன் என்று எழுதியவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டி வந்தது; அந்த விவாதத்தைப் படித்து இயங்குதளம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்ட தலைமுறைகள் உண்டு.

பேசாமலே இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு திட்டத்தின் பட்டியல்களில் அவர்கள் எங்கும் இல்லை. ஆனால் புதிய பதிப்பை முதல் நாளே நிறுவிப் பார்ப்பவர்கள் அவர்கள். பக்கத்து மேசைக்காரருக்குக் கற்றுத் தருபவர்கள், கல்லூரி ஆய்வகத்தில் பழைய கணினிக்கு உயிர் கொடுப்பவர்கள். அவர்கள் ஏன் பங்களிக்கவில்லை என்று கேட்பவர், நேரம் எல்லார் கையிலும் ஒரே அளவில் இருப்பதாக நினைக்கிறார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அடுத்த வேலை தொடங்கும் பெண்ணுக்கு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திரைக்கு முன் உட்கார முடிகிறவரின் கமிட் எண்ணிக்கை வராது. கைபேசி தவிர வேறு கணினி இல்லாத மாணவனுக்கும் வராது. கிட்ஹப் பக்கத்தில் வரிசையாகப் பச்சைக் கட்டங்கள் நிறைந்திருந்தால் அது உழைப்பைக் காட்டும். ஒழிந்த நேரத்தையும் காட்டும். அந்தக் கட்டங்களை வைத்து யாருக்குப் பேச்சுரிமை என்று தீர்மானிப்பது, ஓய்வு உள்ளவர்களின் ஆட்சியை நிறுவுவது. அதை நாங்கள் ஏற்கவில்லை.

இனி, பராமரிப்பாளர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் களைப்பு எங்களுக்குத் தெரியும். எங்களில் பலர் அதே களைப்பில் இருப்பவர்கள். பைத்தானைப் படைத்த கைடோ வான் ராசம், ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய சண்டைக்குப் பிறகு, 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். எக்ஸ்இசட் கதையிலும் இருண்ட பக்கம் ஒன்று உண்டு. 2022இல் சில கணக்குகள் அந்தப் பராமரிப்பாளரைப் போட்டு நெருக்கின. வேலை நடக்கவில்லை, வேறொருவரிடம் கொடுங்கள் என்று நச்சரித்தன. தமக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை. ஜியா டானுக்கு வழிவிடச் செய்யவே அந்தப் போலிக் கணக்குகள் வந்தன என்று பின்னர் பரவலாகக் கருதப்பட்டது. விமர்சனத்தின் வேடத்தில் வந்த வன்முறை அது.

எனவே எல்லைக்கோட்டை நாங்களே போடுகிறோம். குறையைச் சொல்லும் உரிமை எல்லாருக்கும் உண்டு, அடுத்தவரிடம் இலவசமாக வேலை வாங்கும் உரிமை எவருக்கும் இல்லை. என்ன பதிப்பு, என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று தெரிந்தவரை சொல்லுகிறவர் விமர்சகர். எப்போது முடிப்பாய் என்று கழுத்தைப் பிடிப்பவரை நாங்கள் விமர்சகராகக் கருத மாட்டோம், எங்கள் உறுப்பினராகவே இருந்தாலும். "செய்ய முடியாது, நேரமில்லை" என்பது முழுமையான பதில். அதைச் சொல்லும் பராமரிப்பாளரின் பக்கம் நாங்கள் நிற்போம். "உனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி?" என்பது பதிலே அல்ல.

நாங்கள் கேட்பவை எவையும் புதியவை அல்ல. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் உறுப்பினர் பதிவே கிடையாது. யாரும் வந்து பேசலாம். அங்கே ஒத்த கருத்தை எப்படிக் காண்பது என்று விளக்கும், 2014இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7282, தலைகளை எண்ணாதே என்கிறது. நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்த்தாலும், அந்த ஐவரின் தொழில்நுட்ப ஆட்சேபத்துக்கு விடை சொல்லப்படவில்லை என்றால் முடிவு எட்டப்பட்டதாகாது. பைத்தானில் ஒரு மாற்றத்தை முன்மொழிபவர் மறுக்கப்பட்ட யோசனைகளையும் மறுத்த காரணத்தையும் எழுதிவைக்க அந்த ஆவணத்திலேயே இடம் வகுத்திருக்கிறார்கள். கடுஞ்சொல்லுக்குப் பேர்போன லினக்ஸ் கருவில்கூட, ஒரு திருத்தம் சேரும்போது வழுவைச் சொன்னவரின் பெயரைத் தனி வரியில் குறிக்கும் வழக்கம் உண்டு. டெபியன் 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தம், குறைகளை மறைக்க மாட்டோம், வழுப் பட்டியல் முழுவதும் பொதுவில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தது. இந்த நல்ல வழக்கங்கள் தனித்தனித் தீவுகளாக இருக்கின்றன. தமிழில் நடக்கும் ஒவ்வொரு திட்டத்திலும், தமிழர் பராமரிக்கும் ஒவ்வொரு நிரல்தொகுப்பிலும், இவை ஒருங்கே வழக்கத்துக்கு வர வேண்டும் என்கிறோம்.

நம் மரபுக்கும் இது அந்நியம் அல்ல. ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டிய எட்டில் ஆக்கியோன் பெயரோடு கேட்போரையும் சேர்த்து வைத்தது நன்னூல். தொல்காப்பியத்தின் பாயிரம், அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமற ஆராயப்பட்டதாகச் சொல்கிறது. அவர் எழுதிய நூல் எதுவும் நம் கையில் இல்லை. கேட்டு ஆராய்ந்தவர் என்பதற்காகவே இத்தனை நூற்றாண்டுகள் அவர் பெயர் நின்றிருக்கிறது.

எனவே இன்று முதல் எங்கள் திட்டங்களில் நடைமுறைக்கு வருபவை இவை. வழுவைச் சொன்னவரிடம் முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்க மாட்டோம். பேட்ச் அனுப்புங்கள் என்பதை அழைப்பாக மட்டுமே சொல்வோம், கதவடைக்கும் சொல்லாக ஒருபோதும் சொல்ல மாட்டோம். நாள் பல ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு புகாரைத் தானியங்கி போட்டு மூடமாட்டோம். மூடினால் காரணத்தை மனிதர் ஒருவர் எழுதுவார். ஏற்காத ஆட்சேபத்தையும், ஏற்காத காரணத்தையும், அடுத்து வருபவர் படிக்கும்படி வைப்போம். வெளியீட்டுக் குறிப்பில் நிரல் எழுதியவர் பெயரோடு குறையைச் சொன்னவர் பெயரும், அவர் விரும்பினால், அதே எழுத்தளவில் வரும். தமிழில் எழுதிய புகாருக்குத் தமிழிலேயே பதில் எழுதுவோம். ஆங்கிலத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்ப மாட்டோம்.

சேர விரும்புகிறவர்களிடம் கணக்கு இருக்கிறதா, கமிட் இருக்கிறதா என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. முதல் வேலையைத் தேர்ந்துகொண்டுவிட்டோம். எங்கள் பொறுப்பில் உள்ள திட்டங்களில் பதிலில்லாமல் மூடப்பட்ட தமிழ் எழுத்துருப் புகார்களையும் தட்டச்சுப் புகார்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சொன்னவர்களைத் தேடிப் பதில் எழுதப்போகிறோம். அவற்றுள் பல ஆண்டுகள் பழையவையும் உண்டு. எழுதியவர்கள் நம்பிக்கை இழந்து போயிருப்பார்கள், முகவரி மாறியிருக்கும். கிடைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தப் பிழை இன்னும் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்போம்.